காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி

என் மகளின் வலது பாதம் மாலை நேரங்களில் உள்பக்கமாகத் திரும்பத் தொடங்கியபோது அவளுக்கு ஏழு வயது. பள்ளி வேனிலிருந்து இறங்கி வீட்டு வாசலை அடைவதற்குள் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும். விரல்நுனி மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டு வரும். செருப்பு சிறிதாகிவிட்டது என்று நினைத்தோம். புதிது வாங்கினோம். அதுவும் ஒரே பக்கமாகத் தேய்ந்தது. மறுநாள் காலையிலோ அதே பிள்ளை, அதே காலோடு, தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தாள்.

அந்த ஓட்டம்தான் நான்கு ஆண்டுகள் எல்லோரையும் ஏமாற்றியது.

நாங்கள் மாமல்லபுரத்தில், பேருந்து நிலையத்திலிருந்து சற்று உள்ளே, கல் அறுக்கும் ஓசை நாள் முழுதும் கேட்கும் ஒரு தெருவில் குடியிருக்கிறோம். நான் கிளை நூலகமொன்றில் வேலை பார்க்கிறேன். என் கணவர் நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். அவருக்கு எப்போதும் பிற்பகல் ஷிப்ட். உச்சிப்பொழுதுக்கு முன்பே சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது மகள் உறங்கியிருப்பாள். ஆகவே அவர் அறிந்தது காலை மகளை: பல் துலக்கிக்கொண்டே தெருவில் தாவுகிறவளை. நான் அறிந்தது மாலை மகளை: சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிறவளை. ஒரே வீட்டில் இரண்டு பெண்களை வளர்த்தோம். ஒருவர் வளர்த்த பிள்ளையை மற்றவர் சரியாகப் பார்த்ததில்லை.

"காலைல மானு மாதிரி ஓடிகினு இருந்தா. நீ இன்னாடான்னா நடக்கவே முடிலன்ற," என்பார்.

"ஒரு நாள் சாயங்காலம் இருந்து பாருங்க."

"ஞாயித்துக்கெழம பாத்துகினுதான கீறேன். நல்லாத்தான கீறா. உன்னக் கண்டாதான் அவளுக்கு மேட்னி ஷோ ஆரம்பிக்குது."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு உண்டதும் அப்பாவும் மகளும் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். உறங்கி எழுந்தபின் அவள் கால் நேராகவே இருக்கும். இதைப் பள்ளி ஆசிரியையிடம் சொன்னபோது, "அப்பாவைத் தேடுதுங்க குழந்தை. அவர் இருந்தா சரியாயிடுது பாருங்க," என்றார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அந்த விளக்கத்தில் அப்பா இருந்தார், பாசம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இருந்தது. உறக்கம் மட்டும் இல்லை.

மேட்னி ஷோ என்ற சொல் எப்படியோ பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து அவள் மேசைகளைப் பிடித்துப் பிடித்து வெளியே வருகையில், "வழி விடுங்கடி, மேட்னி ஆர்ட்டிஸ்ட் வர்றாங்க," என்று பின்னாலிருந்து குரல் வருமாம். காலையில் உடற்பயிற்சி வகுப்பில் அவர்களையெல்லாம் ஓட்டத்தில் தோற்கடித்தவள் அவள். அவர்கள் சிரித்ததை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணால் கண்டதைத்தானே அவர்கள் நம்பினார்கள்.

எங்கள் உறவினர்களுக்கு வேறொரு கவலை இருந்தது. கருங்குழியில் என் அத்தை இருக்கிறார், என் அப்பாவின் தங்கை. சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் உள்பக்கம் திரும்பிப்போனவர் என்று சொல்வார்கள். திருமணம் ஆகவில்லை. தனியாகவே இருக்கிறார். இரண்டு வேளைச் சமையலையும் காலைப் பொழுதிலேயே முடித்து, பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, பிற்பகலில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் மறுநாள் காலைவரை அடுப்படிப் பக்கம் போகமாட்டார். சாயங்காலம் யார் போனாலும் ஆறிய சோறும் ரசமும்தான் கிடைக்கும். "எம் வூட்ல ராத்திரி அடுப்பு எரியாது, தெரியுமில்ல," என்பார். அதை அவருடைய கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டோம். அத்தையின் கண்டிப்பைப் பற்றிக் குடும்பத்தில் வேடிக்கைக் கதைகள்கூட உண்டு.

"பாத்துக்குங்க அண்ணி. உங்க அத்த மாதிரி ஆய்டப் போறா," என்று என் நாத்தனார் ஒருமுறை மெதுவாகச் சொன்னாள். நான் தடுப்பு மருந்துகளைச் சொல்லி மறுத்தேன். ஒரு சொட்டும் விடாமல் போட்டிருந்தோம். போலியோ வர வாய்ப்பில்லை. போலியோ இல்லையென்றால் அத்தைக்கும் இவளுக்கும் தொடர்பில்லை. அந்தக் கதவு அத்துடன் சாத்தப்பட்டது.

பிறகு மருத்துவர்கள். செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனைக்கு முதல் பேருந்தில் போவோம். அங்கே புறநோயாளிகளை மதியத்துக்குள் பார்த்து முடித்துவிடுவார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும் முன்பே அவள் என் மடியில் தலைவைத்து உறங்கிவிடுவாள். செங்கல்பட்டில் எழுப்பினால் முகம் கழுவிய பிள்ளையாய் இறங்கி நடப்பாள். மருத்துவர் நடக்கச் சொல்வார். நடப்பாள். குதிக்கச் சொல்வார். குதிப்பாள். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். "சாயங்காலம் ஆனா கால் திரும்பிடுது டாக்டர்," என்பேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்ப்பார். சத்து மாத்திரை எழுதுவார். ஒருவர் மட்டும் வெளிப்படையாகவே கேட்டார்: "வீட்ல ஏதாவது பிரச்சினையா? பிள்ளைங்க கவனத்துக்காக இப்படிச் செய்யும்."

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓர் எலும்பு மருத்துவர் மாலையில் மட்டும் கிளினிக் வைத்திருந்தார். அங்கே போனபோது கதை தலைகீழானது. நாங்கள் உள்ளே நுழையும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். மகள் என் தோளில் தொங்கிக்கொண்டிருப்பாள். அவர் காலைத் தொட்டதுமே சொன்னார்: பெருமூளை வாதம். பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்திருக்கலாம் என்றார். பிறந்ததும் நன்றாக அழுதாளே என்றேன். "சில சமயம் நமக்குத் தெரியாமலே நடந்திருக்கும்மா." இரும்புப் பட்டை வைத்த காலணி எழுதித் தந்தார்.

"ஆனா காலைல ஓடறா டாக்டர்."

"காலைல கொஞ்சம் லேசா இருக்கும். சகஜம்."

அவர் நல்லவர். காலை மருத்துவர்களும் நல்லவர்கள்தான். அவரவர் முன்னால் நின்ற பிள்ளைக்கு அவரவர் சொன்னது பொருந்தியது. ஒருவர் கண்ட பிள்ளையை இன்னொருவர் கண்டதில்லை. இருவருக்கும் நடுவே முதல் பேருந்தும் கடைசிப் பேருந்துமாக நான் போய் வந்துகொண்டிருந்தேன். களைப்பு என்பதை அப்போது நான் உடலில் உணரவில்லை. விளக்கிச் சொல்வதில் உணர்ந்தேன். ஒரே வாக்கியத்தை அத்தனை முறை சொன்னபின் அது எனக்கே பொய்போல ஒலிக்கத் தொடங்கியது.

அவளுக்குப் பதினொன்று ஆனபோது மாலை மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசினார். குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் இறுகிய தசைநாணை வெட்டி நீட்டிவிடவேண்டும். கோடை விடுமுறையில் செய்துவிடலாம். நான் சரி என்றேன். ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்பதே அப்போது ஓய்வுபோல இருந்தது.

அன்றிரவு தலை பின்னிக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்.

"அம்மா, வெட்டுனா சாயங்காலக் கால் சரியாயிடுமா?"

"ஆயிடும்னு சொல்றாங்க."

"அப்ப காலைல இருக்கற கால்? அதையும் சேத்துத்தான வெட்டுவாங்க?"

பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன். நன்றாக இருக்கும் ஒரு காலை, நன்றாக இல்லாத நேரத்துக்காக வெட்டுவது. அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் காலைப்பொழுது மட்டும்தான். அது போய்விடுமோ என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியை எந்த மருத்துவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நரம்பியல் மருத்துவர் ஒருவரின் கருத்து வேண்டும் என்றார்கள். மறுபடியும் செங்கல்பட்டு, மறுபடியும் முதல் பேருந்து. அங்கே புதிதாக ஒரு பெண் மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் வந்துகொண்டிருந்தார். மகளை நடக்கவிட்டுப் பார்த்தார். எலும்பு மருத்துவரின் குறிப்பைப் படித்தார். மறுபடி நடக்கவிட்டார்.

"இந்தக் காலுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்?"

சாயங்காலம் ஆனால் என்று தொடங்கினேன். வெளியே ஒரு கூட்டம் காத்திருந்தது. அவர் தலையசைத்து, மூளைக்கு ஸ்கேன் எடுக்க எழுதித் தந்தார்.

ஸ்கேன் அறையில் இயந்திரம் பழுது. சரியாகிவிடும், இருங்கள் என்றார்கள். மதியம் தாண்டியது. கொண்டுபோன தயிர்சோற்றைத் தாழ்வாரத்துப் பெஞ்சிலேயே சாப்பிட்டோம். உறங்க இடமில்லை, உறங்கவிடும் சத்தமும் இல்லை. மூன்று மணிக்கு மேல் அவள் பாதம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. நான்கு மணிக்கு அவளைக் கைத்தாங்கலாக நடத்தித் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். அப்போது அந்த மருத்துவர், வார்டு வேலைகளை முடித்துவிட்டுத் தோளில் பையோடு எதிரே வந்தார். எங்களைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"காலைல வந்த பொண்ணுதான இது?"

"ஆமாம் டாக்டர்."

"எங்கேயாவது விழுந்தாளா?"

"இல்ல டாக்டர். தினமும் இப்படித்தான்."

"இத ஏன் காலைல சொல்லல?"

"சொன்னேன்," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. பையைப் பெஞ்சில் வைத்தார். "பஸ்ல வரும்போது தூங்கினாளா?" என்று கேட்டார். நான்கு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிசியோதெரபி அறையில் கட்டில் காலியாக இருந்தது. மகளை அதில் படுக்கச் சொன்னார்.

"தூக்கம் வரல டாக்டர்," என்றாள் மகள்.

"சும்மா கண்ண மூடிக்க. என்னை யாராச்சும் இப்படி நாலு மணிக்குப் படுத்துக்கோன்னு சொன்னா நான் அடுத்த வாரம்தான் எழுந்திருப்பேன்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே உறங்கியும் போனாள். மருத்துவர் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து யாருக்கோ போனில், "லேட் ஆகும், நீங்க சாப்பிடுங்க," என்றார். வெயில் சாய்ந்தபின் மகளை எழுப்பினோம். கட்டிலிலிருந்து இறங்கினாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை நேராக நடந்துபோய்த் திரும்பி வந்தாள். காலையில் நடந்த அதே நடை.

"குடும்பத்துல வேற யாருக்காவது கால் பிரச்சினை உண்டா?"

"இல்ல டாக்டர்." பிறகு சொன்னேன்: "அத்தை ஒருத்தர் இருக்காங்க. ஆனா அது போலியோ."

"போலியோன்னு யார் சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். "எல்லாரும்," என்றேன்.

"அவங்க மத்தியானத்துக்கு மேல என்ன செய்வாங்க?"

ராத்திரி அடுப்பு எரியாத வீடு என் கண்முன் வந்தது. அத்தையின் கண்டிப்பைப் பற்றி நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் வந்தது. "ஜன்னலோரம் உக்காந்துடுவாங்க டாக்டர். எழுந்திருக்கவே மாட்டாங்க," என்றேன்.

மருத்துவர் உடனே பெயர் எதுவும் சொல்லவில்லை. "உங்க பொண்ணுக்கு ஏற்கெனவே ரெண்டு தப்பான பேர் வச்சாச்சு. மூணாவதா நானும் அவசரப்பட்டு ஒண்ணு வைக்கக் கூடாது. ஒரு மாத்திரை குடுத்துப் பாப்போம். நான் நெனைக்கிறது சரின்னா கால் பதில் சொல்லும். ஆபரேஷனைத் தள்ளி வைங்க," என்றார்.

அது முதியவர்களின் நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரை. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "மாமியாருக்காம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு விளக்கத்துக்கு என்னிடம் தெம்பு இல்லை.

பாதி மாத்திரைதான். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அன்று என் கணவர் விடுப்பு எடுத்திருந்தார். நான் வற்புறுத்தி எடுக்கவைத்திருந்தேன். மாலையில் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். பள்ளி வேன் தெருமுனையில் நின்றது. மகள் இறங்கினாள். புத்தகப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். நடந்து வந்தாள். குதிகால் தரையில் பதிந்தது, எழுந்தது, பதிந்தது. நான் அவள் பாதங்களையே பார்த்தேன்.

"இன்னாத்துக்கு லீவு போடச் சொன்ன? எப்பவும் போலத்தான நடந்து வர்றா," என்றார் அவர்.

நான் சிரித்தேன். நெடுநேரம் சிரித்தேன். அவர் காணாத ஒன்று இல்லாமல் போயிருந்தது; அதை அவருக்கு எப்படிக் காட்டுவது? பிறகு நிதானமாகச் சொன்னேன். இருட்டியபின் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான்தான் மேட்னி ஷோன்னு பேர் வச்சேன், இல்ல?"

"விடுப்பா. படத்தத் தூக்கிட்டாங்க," என்றாள் அவள், வீட்டுப்பாடத்திலிருந்து தலை நிமிராமல்.

பிறகுதான் பெயர் வந்தது. ரத்தம் எங்கோ தொலைவில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போய், பல வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. டோபா மருந்துக்குக் கட்டுப்படும் தசை முறுக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்; அவள் உண்ட பாதி மாத்திரைதான் அந்த டோபா. தசைகளுக்கு ஆணையிட மூளைக்கு ஒரு வேதிப்பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் வழியில், பிறக்கும்போதே, ஒரு மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருக்கிறது. "ராத்திரி தூங்கும்போது டேங்க் நிறையுது. சாயங்காலத்துக்குள்ள காலி ஆயிடுது. டேங்க்தான் சின்னது, குழாய்ல கோளாறு இல்ல," என்றார் மருத்துவர். அதே பிசகு என் ரத்தத்திலும் இருந்தது. மாலையில் என் வலக்கை விரல்கள் இறுகி, பேனா பிடிக்க முடியாமல் போவதை, நாளெல்லாம் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவதால் வந்த வலி என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். என் அப்பாவிடமும் அது இருந்திருக்கவேண்டும். அவரிடம் தடயமே இல்லை. அவர் இறந்தும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆண்களிடம் அது பெரும்பாலும் ஒளிந்துகொள்ளுமாம். பெண்களிடம்தான் முகம் காட்டுமாம்.

நூலகத்தில் ஓய்வாக இருக்கும் வேளைகளில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க நிம்மதியைவிட அயர்ச்சிதான் கூடியது. பெயர் தெரியாத நோய்க்குக்கூட ஒரு நன்மை உண்டு, நாம் தேடிக்கொண்டே இருப்போம். தவறான பெயர் விழுந்துவிட்டால் தேடல் அன்றே நின்றுவிடும். என் மகளுக்கு அது நான்கு ஆண்டுகள் நின்றது. அத்தைக்கு ஓர் ஆயுள் முழுதும் நின்றது.

அவரை அழைக்கக் கருங்குழிக்குப் போனேன். விவரத்தைச் சொன்னேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப போலியோ இல்லயா?"

"இல்ல அத்தை."

"எல்லாரும் அதான சொன்னாங்க." சற்று நேரம் தன் கால்களைப் பார்த்தார். "இனிமே நடந்து நான் எங்க போவப் போறேன்? மதுராந்தகம் ஏரிக்கரைல வாக்கிங்கா?"

"சும்மா ஒருதரம் வந்து காட்டுங்க."

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இந்த வயசுல என்னய நடக்க வுட்டுப் பாப்பாங்களா? பாக்கட்டும், பாக்கட்டும்," என்று சிரித்தார். வருவதற்கு மேலும் இரண்டு மாதம் ஆக்கினார்.

மருத்துவர் அவரைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். எலும்பும் மூட்டும் வளைந்த வாக்கிலேயே உறைந்துவிட்டன, முழுவதும் சரியாகாது, ஆனால் மாலை நேரத்து இறுக்கம் தளரக்கூடும் என்றார். மகள் உண்ணும் அதே மாத்திரையைச் சிறு அளவில் தொடங்கினார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு விடுமுறை நாள், நாங்கள் மூவரும் கருங்குழிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"மாப்ள, வந்தது நல்லதாப் போச்சி. இங்க பல்பு ஃபீஸ் போய் எத்தினி வருசம் ஆச்சோ. ஒண்ணு வாங்கி மாட்டிக் குடு."

ராத்திரியில் யாரும் நுழையாத அடுப்படிக்கு விளக்கு எதற்கு? அங்கே விளக்கு எரியாததை இதற்குமுன் நாங்கள் யாரும் கவனித்ததில்லை. என் கணவர் கடைக்குப் போய் வாங்கி வந்து ஸ்டூலில் ஏறினார். மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து மாப்ள, ஆடுது."

"உங்க காலு மாதிரியா அத்த?"

"எங் காலு ஆடல. நீதான் ஆடற. ஒழுங்கா மாட்டு."

விளக்கு எரிந்தது. சுவரெல்லாம் கரி படிந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் நாங்கள் பார்த்திராத கரி. அத்தை சமையல் மேடையில் ஒரு கையை ஊன்றி, திரும்பிய பாதங்களோடு, அடுப்பைப் பற்றவைத்தார். உப்புமாவுக்கு ரவை வறுத்தார். குதிகால்கள் தரையைத் தொடவில்லை. ஆனாலும் அந்தப் பொழுதில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கும் அந்த ஏழு வயசுலியே இத குடுத்திருந்தா..." என்று தொடங்கினார். அவர் ரவையைக் கிளறினார். கிளறியபடியே என் மகளிடம், "கொல்லைல கருவேப்பில கீது. ரெண்டு கொத்து கிள்ளிகினு வா," என்றார்.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பழக்கத்தில் நானும் அவளுக்குக் கைகொடுக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன். அவள் தனியாகப் போனாள். திரும்பி வரும் காலடிச் சத்தத்தை அத்தையும் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.